பிறவாக் குழந்தைக்கு வழங்கும் பெயர்கள்

நடு அந்தமான் தீவின் வடகோடியில் கடலை நோக்கி நிற்கும் ஊர் மாயாபந்தர். பந்தர் என்னும் சொல் பாரசீக மொழியில் துறைமுகத்தைக் குறிப்பது. நம் பதிற்றுப்பத்திலும் பந்தர் என்னும் பெயருடைய பட்டினம் ஒன்று முத்துக்குப் பேர்போனதாகப் பேசப்படுகின்றது. துறைமுகம் என்றால் பொருள்கள் மட்டும் வந்திறங்குவதில்லை, மக்களும் வந்திறங்குவர், மக்களோடு அவர்தம் சொற்களும் வந்திறங்கும். 1925ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து மாயாபந்தரை அடுத்த வெபி என்னும் இடத்தில் குடியேறினர். சோட்டா நாகபுரியிலிருந்து காட்டு வேலைக்கென ராஞ்சி மக்கள் வந்தனர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்து அகதிகள் வந்து காடு திருத்திக் கழனி கண்டனர். தமிழரும் வந்தனர். 2011ஆம் ஆண்டின் மக்கட் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த இடம் தமிழுக்கே உரியது.

இத்தகைய ஊரில் கருவுற்ற தமிழ்ப் பெண் ஒருத்தி மருத்துவமனைக்குச் செல்கின்றாள் எனக் கொள்வோம். மருத்துவர் இந்தியில் வினவுகின்றார். செவிலி வங்காளியில் ஆறுதல் கூறுகின்றார். இறுதியில் கையில் கொடுக்கப்படும் சீட்டோ ஆங்கிலத்தில் அமைந்திருக்கின்றது. அதில் 'பீட்டஸ்' என்றொரு சொல். சில வாரங்களுக்கு முன் பெற்ற சீட்டில் 'எம்பிரியோ' என்றொரு சொல். ஊரிலிருக்கும் தாய்க்குத் தொலைபேசியில் அவள் சொல்லும்போதோ, 'பிள்ளை நன்றாக இருக்கிறதாம்' என்கின்றாள். பிள்ளை ஒன்றே, பெயர் மூன்று. இப்பெயர்கள் எங்கிருந்து வந்தன? ஒவ்வொன்றும் எதனைக் கருதிப் பிறந்தது? இச்சொற்களை அறியாமையால் நமக்கு நேரும் இடர் யாது? இவற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

முதலில், இத்தீவுகளின் பழங்குடியினர் பிறவாக் குழந்தையை எவ்வாறு அழைத்தனர் என்று காண்பது முறை. மாயாபந்தரைச் சூழ்ந்த கடற்கரைகளும் அதற்கு வடக்கேயுள்ள வட அந்தமான் தீவும் ஒரு காலத்தில் பெரிய அந்தமானியர் என்று கூறப்படும் பல குடியினர்க்கு உரியனவாக இருந்தன. போ, ஜெரு, கோரா, சாரி, கெடே எனப் பெயர் பெற்ற அக்குடியினர் தத்தமக்கெனத் தனித்தனி மொழி உடையராய் வாழ்ந்தனர். அவர்தம் வழக்கங்களை எழுதிவைத்தவருள் இருவர் முதன்மையானவர். ஒருவர் எட்வர்டு ஹொரேஸ் மேன். அந்தமான் ஆட்சியில் அலுவல் பார்த்த இவர், 1883இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். மற்றவர் ராட்கிளிஃப் பிரௌன்; 1906 முதல் 1908 வரை இத்தீவுகளில் ஆராய்ந்து, 1922இல் 'அந்தமான் தீவினர்' என்னும் நூலை வெளியிட்டார்.

இவ்விருவரும் கூறும் செய்தி ஒன்று நம் கருத்தைக் கவர்கின்றது. அம்மக்கள் குழந்தை பிறக்கும் முன்பே அதற்குப் பெயரிட்டனர். தாய் கருவுற்றிருப்பது தெளிவான பின் பெற்றோர் கூடி ஒரு பெயரைத் தெரிந்தெடுப்பர். அப்பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. பிறக்கப்போவது ஆணோ பெண்ணோ என்று எவரும் அறியார். ஆகவே பெயரும் அவ்வேறுபாட்டை அறியாது. குழந்தை பிறந்த பின்னரே ஆண் அல்லது பெண் என்பதைக் காட்டும் சிறுசொல் ஒன்றை அப்பெயரோடு சேர்ப்பர். பெண் குழந்தை வளர்ந்து பருவமெய்தும் காலத்தில் எந்த மரம் பூத்திருக்கின்றதோ அந்த மரத்தின் பூப்பெயரையும் அவளுக்குச் சூட்டுவர்.

பெயர் சூட்டிய நாள் முதல் பெற்றோரின் பெயரே மாறிவிடும் என்பது அதனினும் வியப்பானது. அன்று தொடங்கித் தந்தையை அவனுடைய இயற்பெயரால் எவரும் அழையார். இன்ன குழந்தையின் தந்தை என்றே அழைப்பர். தாயையோ, அக்குழந்தையின் பெயரோடு வயிறு என்னும் பொருளுடைய சொல்லைச் சேர்த்துச் சுட்டுவர். குழந்தை பிறந்து சில வாரங்கள் செல்லும்வரை இவ்வழக்கம் நீடிக்கும். பெற்றோர் இருவருமே அக்காலத்தில் சில உணவுகளை விலக்கி நோன்பு காப்பர். பிறவாத குழந்தை தாய் தந்தையர்க்குப் பெயர் கொடுக்கின்றது! நம் நாட்டுச் சிற்றூர்களில் 'முருகன் அம்மா', 'வள்ளி அப்பா' என்று பெற்றோரைப் பிள்ளை பெயரால் அழைக்கும் வழக்கம் உண்டன்றோ? ஆனால் நாம் பிள்ளை பிறந்த பின் செய்வதை, இவர்கள் பிறக்கும் முன்பே செய்தனர்.

குழந்தை பிறந்து இறந்துபோனால், அடுத்துக் கருவிலுறும் குழந்தைக்கும் அதே பெயரை இட்டனர். போன குழந்தையே மீண்டு வந்ததென்று நம்பினர். வட அந்தமானில் இன்னொரு நம்பிக்கையும் நிலவியது. பிறவாக் குழந்தைகளின் உயிர்கள் அத்தி இனத்து மரம் ஒன்றோடும், அதன் பழத்தை உண்ணும் பச்சைப் புறாவோடும் தொடர்புடையன என்று கருதினர். அம்மரத்துக்கும் அப்புறாவுக்கும் வழங்கியது ஒரே பெயர். பச்சைப் புறா கூவும் காலத்திலே குழந்தையின் உயிர் தாயின் வயிற்றுள் புகும் என்பது அவர்தம் எண்ணம். இதனை அறிவியல் என்று நாம் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரைத் தம் குடும்பத்துள் ஒருவராக எண்ணிப் பெயரிட்டு அழைத்த மனப்பான்மை போற்றத்தக்கது.

இனி ஆங்கிலச் சொற்களை நோக்குவோம்.

பழைய ஆங்கில வழக்கில் கருவுற்றவளைக் 'குழந்தையோடு இருப்பவள்' என்றே கூறினர். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பிலும் இவ்வழக்கையே காண்கிறோம். வயிற்றிலிருப்பதும் குழந்தை, மடியிலிருப்பதும் குழந்தை; இரண்டுக்கும் ஒரே சொல். விவிலியத்தின் கிரேக்க மூலத்திலும் 'பிரெபோஸ்' என்னும் சொல் பிறந்த குழந்தைக்கும் பிறவாக் குழந்தைக்கும் பொதுவாக நிற்கின்றது.

அடுத்து வருவது 'குவிக்' என்னும் சொல். இன்று இச்சொல்லுக்கு விரைவு என்று பொருள் கொள்கிறோம். பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் உயிருடையது என்பதே. பாதரசத்தை ஆங்கிலர் 'குவிக்சில்வர்', அதாவது உயிருள்ள வெள்ளி என்று அழைப்பதிலிருந்து இதனை உணரலாம். வயிற்றில் பிள்ளையின் அசைவைத் தாய் முதன்முதல் உணரும் நிலையை அவர்கள் 'குவிக்கனிங்' என்றனர். அது பெரும்பாலும் 16 முதல் 20 வாரங்களுக்குள் நிகழ்வது. கருவிகள் இல்லாத அக்காலத்தில், பிள்ளை உயிருடன் இருக்கின்றது என்பதற்குத் தாயின் சொல்லைவிடச் சிறந்த சான்று வேறில்லை. ஆகவே ஆங்கில நாட்டுச் சட்டமும் அச்சொல்லைப் பற்றிக்கொண்டது. மரணதண்டனை பெற்ற பெண், தன் வயிற்றில் உயிருள்ள பிள்ளை இருப்பதாக முறையிட்டால், மூத்த பெண்கள் அடங்கிய குழு ஒன்று அவளைச் சோதித்துக் கூறும். பிள்ளை அசைகின்றது என்று அவர்கள் கூறினால் தண்டனை தள்ளிவைக்கப்படும். ஓர் உயிர் நிற்பதும் போவதும் ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்திருந்தது. கருவுற்ற பெண்ணுக்கு மரணதண்டனையே கூடாதென்னும் சட்டம் இங்கிலாந்தில் 1931இல்தான் வந்தது.

1803ஆம் ஆண்டில் எல்லன்பரோ பிரபுவின் பெயரால் வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. கருவைச் சிதைப்பதை அச்சட்டம் குற்றமாக்கிற்று. பிள்ளையின் அசைவு தோன்றிய பின் சிதைத்தால் மரணதண்டனை. அதற்கு முன் என்றால் அதனிற் குறைந்த தண்டனை. 1837இல் இவ்வேறுபாட்டை ஆங்கிலரே நீக்கிவிட்டனர். ஆனால் இந்தியாவுக்கென 1860இல் அவர்கள் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் அதே வேறுபாடு மீண்டும் இடம்பெற்றது. அச்சட்டத்தின் 312ஆம் பிரிவு, கருவுற்ற பெண்ணுக்குக் கருச்சிதைவு உண்டாக்குவோர்க்கு 3 ஆண்டு வரையும், பிள்ளையசைவு தோன்றிய பின் அதனைச் செய்வோர்க்கு 7 ஆண்டு வரையும் சிறை விதித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1858இல், அந்தமானில் குற்றவாளிக் குடியிருப்பு தொடங்கியிருந்தது. அங்கு நாடு கடத்தப்பட்டவருள் பெண்களும் இருந்தனர். அவருள் குழந்தையைக் கொன்ற குற்றம் சாட்டப்பட்டவரும் உண்டு. ஆகவே ஆங்கிலரின் இச்சட்டச் சொற்கள் புத்தகத்தில் மட்டுமின்றிக் கைவிலங்கிட்ட மக்களின் வாழ்விலும் ஏறி இத்தீவுகளுக்கு வந்தன எனலாம்.

'குவிக்' என்பது தாய்மாரின் சொல். 'எம்பிரியோ', 'பீட்டஸ்' என்பன ஏட்டறிவினரின் சொற்கள். எம்பிரியோ கிரேக்க மொழிச் சொல். உள்ளே பருத்து வளர்வது என்னும் கருத்துடையது. பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் இச்சொல்லைப் புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டிக்கு வழங்கியிருக்கின்றார். பீட்டஸ் இலத்தீன் மொழிச் சொல். ஈன்றெடுத்தல், ஈன்ற குட்டி, மரத்தின் காய் கனி ஆகிய எல்லாவற்றையும் அது குறித்தது. ஆக, இரண்டும் தொடக்கத்தில் மனிதர்க்கே உரிய சொற்கள் அல்ல. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மரத்துக்கும் பொதுவாக நின்றவையே. பொதுவாக நின்றமையாலேயே அவை மருத்துவர்க்கு ஏற்றனவாயின. பாசமும் அச்சமும் கலவாது ஆராய்வதற்கு அத்தகைய சொல் வேண்டியிருந்தது.

இச்சொற்களுக்குத் திட்டமான எல்லை வகுத்தது பிற்காலத்து அறிவியல். 1651இல் வில்லியம் ஹார்வி உயிர்களின் தோற்றத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதி, எல்லா உயிரும் முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்று நிறுவ முயன்றார். ஆயினும் பாலூட்டி இனத்தின் சினைமுட்டையை அவர் கண்ணால் கண்டாரில்லை. 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் என்பாரே அதனைக் கண்டறிந்தார். 1958இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்டும் அவர்தம் துணைவரும் ஒலியலைகளைக் கொண்டு வயிற்றினுள் இருப்பதைப் படமாகக் காணும் முறையை வெளியிட்டனர். அன்று தொடங்கி, பிள்ளை உயிருடன் உளதா என்பதற்குத் தாயின் சொல் ஒன்றே சான்று என்ற நிலை மாறிற்று. தாய் அசைவை உணர்வதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே மருத்துவர் நெஞ்சுத்துடிப்பைத் திரையில் காணலானார்.

இன்று மருத்துவர் கொள்ளும் எல்லை இது: கருத்தரித்த நாள் முதல் எட்டு வாரம் முடியும்வரை எம்பிரியோ, அதன்பின் பிறக்கும்வரை பீட்டஸ். உறுப்புகள் யாவும் அடிப்படை உருவம் பெறுவது முதற்கட்டம். உருவான உறுப்புகள் வளர்ந்து முதிர்வது இரண்டாம் கட்டம். நம் நாட்டிலும் பாலினத் தெரிவைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்ட சட்டம், பின்னர் 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் வழியாக, இவ்வெல்லையை 56 நாள், 57ஆம் நாள் என்று எண்ணிட்டே வகுத்திருக்கின்றது.

இங்கே நம் பெண்மணிகள் ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். மருத்துவர் சீட்டில் குறிக்கும் வாரக்கணக்கு கருத்தரித்த நாளிலிருந்து தொடங்குவதன்று. இறுதியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குவது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு வார வேறுபாடு உண்டு. ஆகவே எம்பிரியோ என்பது பீட்டஸ் ஆகும் காலம், சீட்டுக் கணக்கில் பத்தாம் வாரத்தின் முடிவாகும். பேறுகாலம் சீட்டுக் கணக்கில் 40 வாரம், அதாவது 280 நாள். ஆங்கிலர் ஒன்பது மாதம் என்கின்றனர். நம் முன்னோர் பத்து மாதம் என்றனர். இவற்றுள் எது சரி என்று வழக்கிடுவாரும் உளர். இருபத்தெட்டு நாள் கொண்ட திங்கள் பத்து எனக் கூட்டினால் 280 நாள் வரும். முப்பது நாளுக்கு மேற்பட்ட நாட்காட்டி மாதங்களாக எண்ணினால் ஒன்பது மாதமும் சில நாளும் வரும். இரண்டும் ஒரே காலத்தின் இரு கணக்குகள், வழக்கிடற்கு இடமில்லை.

நம் தமிழ்ச் சொற்களின் நிலை யாது?

இத்துறையில் தமிழ் வறுமையுற்ற மொழி அன்று. கரு, சூல், சினை, கருப்பம், பிண்டம் எனச் சொற்கள் பல. இவற்றுள் சூல் என்பது பெண்ணுக்கும் பயிருக்கும் மேகத்துக்கும் பொதுவாக வழங்கும். சினை பெரும்பாலும் விலங்குக்கும் மீனுக்கும் உரியது. முதற்கருவைத் தலைச்சூல் என்றும் கடுஞ்சூல் என்றும் கூறினர். கருவுற்றாளுக்கு உண்டாகும் வேட்கையை 'வயா' என்றனர். தொல்காப்பியர் அச்சொல்லின் பொருளை உரியியலில் எடுத்துக் கூறுகின்றார். வீட்டு வழக்கிலோ, நேரே சொல்ல நாணி, 'முழுகாமல் இருக்கிறாள்', 'உண்டாகியிருக்கிறாள்', 'மாதமாக இருக்கிறாள்' என்பர். 'பிள்ளைத்தாய்ச்சி' என்னும் சொல்லோ, பிறவாத குழந்தையைப் பிள்ளையாகவும் அதனைச் சுமப்பவளை அப்போதே தாயாகவும் காட்டுகின்றது. 'ஈருயிர்க்காரி' என்பதோ ஓர் உடலில் இரண்டு உயிர் உண்டென எண்ணிச் சொல்வது.

பிறவாதது அல்லது உயிரின்றிப் பிறந்தது ஆளா அன்றா என்னும் வினா, நம் சங்க இலக்கியத்திலேயே எழுந்திருக்கின்றது. புறநானூற்றின் 74ஆம் பாட்டு, சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழனது சிறையில் இருந்தபோது பாடியதாகக் கூறப்படுவது. தம் குலத்தில் குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் தசைப் பிண்டமாகப் பிறந்தாலும், அதனை மனிதன் அன்று என ஒதுக்காமல் வாளால் வடுப்படுத்தியே அடக்கம் செய்வர் என்று அவன் கூறுகின்றான். போரில் விழுப்புண் பட்டு இறந்தவர்க்குரிய சிறப்பை உருப்பெறாத பிண்டத்துக்கும் அளித்தனர் என்பது இதன் கருத்து. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் போற்றித் திருவகவலில், கருவானது திங்கள்தோறும் எத்துணை இடர்களைத் தப்பிப் பிறக்கின்றது என்று வரிசைப்படுத்திக் காட்டுகின்றார். திருமூலர் கருவின் வளர்ச்சி பற்றித் திருமந்திரத்தில் ஒரு பகுதியே அமைத்திருக்கின்றார்.

இத்தமிழை ஐரோப்பிய மருத்துவத்தோடு முதன்முதல் இணைத்தவருள் தலையாயவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க நாட்டிலே மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்த இவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். அதற்கு முன்பே, 1857இல், மான்செல் என்பாரின் பேறுகால மருத்துவ நூலைத் தமிழாக்கிப் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரால் வெளியிட்டார். தமிழில் தக்க சொல் இருப்பின் அதனைக் கொள்வது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் இல்லாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பெயர்ப்பது என்பது அவர் கைக்கொண்ட நெறி. 1873இல் தாயகம் திரும்பிய பின்னும், 1884இல் தாம் மறையும்வரை, அவர் இத்தொண்டைக் கைவிடவில்லை. இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பீட்டஸ் என்பதற்கு முதிர்கரு, வளர்கரு என்பன வழங்குகின்றன. இலங்கைத் தமிழர் எம்பிரியோவை முளையம் என்பர். சொல் வேறுபட்டாலும், தமிழால் இத்துறையைப் பேச முடியும் என்பதற்கு மானிப்பாய் அன்றே சான்று தந்துவிட்டது.

இவ்வளவும் கூறியது சொல்லாராய்ச்சியின் இன்பத்துக்காக மட்டும் அன்று. ஒரு சொல்லால் நம் குடும்பங்களில் நேரும் துன்பம் ஒன்று உண்டு. அதனை எடுத்துக் கூறுவதே நம் முதன்மையான நோக்கம்.

'அபார்ஷன்' என்னும் சொல்லை அறியாதார் இலர். கருவை வேண்டுமென்றே கலைப்பது என்பதே நம் மக்கள் அதற்குக் கொண்டிருக்கும் பொருள். ஆனால் மருத்துவ ஆங்கிலத்தில் அச்சொல்லின் பொருள் அது மட்டும் அன்று. இலத்தீன் மொழியில் எழுதல், உதித்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து, உதியாது மறைதல் என்னும் கருத்தில் அது பிறந்தது. தானே கலைந்தாலும், பிறர் கலைத்தாலும் மருத்துவர் அபார்ஷன் என்றே எழுதுவர். 'மிஸ்ட் அபார்ஷன்' என்றால், கரு உயிரிழந்து வெளிப்படாமல் உள்ளே தங்கியிருக்கின்றது என்பது பொருள். 'திரெட்டண்ட் அபார்ஷன்' என்றால், உதிரப்போக்குக் கண்டு கலையும் அச்சம் இருக்கின்றது என்பது பொருள். அக்கரு நிலைத்து நலமுடன் பிறத்தலும் உண்டு. கிராவிடா, பாரா என்று தொடங்கும் எண்களின் வரிசையில், முன்பு எத்தனை முறை கருவுற்றாள், எத்தனை முறை ஈன்றாள் என்பதற்குப் பின் அபார்ஷன் என்னும் எண் வரும். அதுவும் தானே கலைந்தவற்றையும் சேர்த்தே எண்ணுவது.

இதனை அறியாத வீடுகளில் நேர்வது யாது? பிள்ளையை இழந்து வாடும் பெண்ணின் சீட்டை யாரேனும் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிக்கின்றார். 'அபார்ஷன்' என்னும் சொல் கண்ணில் படுகின்றது. 'எமக்குத் தெரியாமல் இப்படிச் செய்தாளோ?' என்னும் ஐயம் மாமியார் மனத்தில் எழுகின்றது. கணவன் முகம் வேறுபடுகின்றது. தாய்வீடு கடல் கடந்து இருக்கின்றது. ஆறுதல் கூற அன்னை அருகில் இல்லை. இழப்போடு பழியும் சேர்கின்றது. ஒரு சொல்லின் பொருளை ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் தீர்ந்துபோகும் பழி அது.

சட்டத்திலோ நிலைமை தலைகீழாக இருக்கின்றது. பேச்சு ஆங்கிலத்தில் 'மிஸ்கேரியேஜ்' என்பது தானே கலைவது. 1860ஆம் ஆண்டுச் சட்டமோ கருவைக் கலைக்கும் குற்றத்தையே மிஸ்கேரியேஜ் உண்டாக்குதல் என்று கூறிற்று. மருத்துவத்தில் ஒரு சொல் இரு பொருளுக்கும் நிற்கின்றது. சட்டத்தில் மற்றொரு சொல் இடம் மாறி நிற்கின்றது. ஆங்கிலருக்கே இத்துன்பம் புலப்பட்டது. 1985இல் இங்கிலாந்து மருத்துவர் சிலர் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழின் வாயிலாக, தானே கலைந்ததை அபார்ஷன் என்று எழுதுதல் தாயர் மனத்தைப் புண்படுத்தும், அதனை மிஸ்கேரியேஜ் என்றே வழங்குவோம் என்று வேண்டினர். அந்நாட்டு மருத்துவர் பின்னர் மெல்ல மெல்ல அவ்வாறே எழுதலாயினர். நம் நாட்டுச் சீட்டுகளில் பழைய வழக்கு இன்றும் காணப்படுகின்றது.

இவ்விடத்தே நம் தாய்மொழியின் இலக்கணம் நமக்குத் துணை நிற்கின்றது. 'கரு கலைந்தது' என்பது தன்வினை. 'கருவைக் கலைத்தாள்' என்பது பிறவினை. ஓர் எழுத்தின் வேறுபாட்டில் ஒரு பெண்ணின் மனநிலையும் மானமும் அடங்கியிருக்கின்றன. கலைதல், கலைத்தல் என்னும் இரண்டையும் தமிழறிந்த சிறுகுழந்தையும் பிரித்துணரும். இத்துணைத் தெளிவான சொற்களை வைத்துக்கொண்டு, இரண்டையும் கலக்கும் சொல்லை நாம் நாகரிகம் என்று கருதி வீட்டில் வழங்குகிறோம். அதனை விடுத்து, 'கரு கலைந்துவிட்டது' என்று தமிழிலே கூறுவோமாயின், ஐயத்துக்கே இடமிராது.

விடுதலை பெற்ற இந்தியாவின் சட்டங்கள் இச்சொற்களை எவ்வாறு கையாளுகின்றன என்பதையும் சுருங்கக் கூறுவோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், சொத்துடையவர் இறக்கும்போது கருவில் இருந்து, பின்னர் உயிருடன் பிறக்கும் குழந்தைக்கு, முன்பே பிறந்த குழந்தைக்குள்ள உரிமை அத்தனையும் உண்டு என்கின்றது. ஊரில் பாட்டனார் சொத்தைப் பங்கிடும்போது மாயாபந்தரில் கருவுற்றிருக்கும் பெண்ணின் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 28 வாரம் நிறைந்த பின் உயிரின்றிப் பிறந்ததைச் 'செத்துப் பிறப்பு' எனப் பதிய வகை செய்கின்றது. 1971ஆம் ஆண்டின் சட்டம், அபார்ஷன், மிஸ்கேரியேஜ் ஆகிய இரண்டையும் தலைப்பில் விலக்கி, 'கருவுற்ற நிலையை மருத்துவ முறையில் முடித்தல்' என்னும் புதுத்தொடரைக் கொண்டது. குறிப்பிட்ட காரணங்களுக்காகத் தகுதிபெற்ற மருத்துவர் செய்வது குற்றமாகாது என்று அது வரையறுத்தது. 2021ஆம் ஆண்டின் திருத்தம், அச்சட்டத்தின் ஒரு விளக்கத்தில் 'மணமான பெண்', 'கணவன்' என்று இருந்த இடத்தில் 'பெண்', 'துணைவர்' என்று மாற்றியது. 2023இல் இயற்றப்பெற்று 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையோ, 1860ஆம் ஆண்டின் பிள்ளையசைவு வேறுபாட்டை அப்படியே போற்றிவைத்திருக்கின்றது. வாரிசுரிமைக்குக் குழந்தை, மருத்துவத்துக்குக் கரு, தண்டனைக்குத் தாய் உணரும் அசைவு என ஒரே உயிரை நம் சட்டங்களும் பல கோணங்களில் நின்று நோக்குகின்றன. அவ்வக் கடமைக்கேற்ப அவை பேசுகின்றன. எந்த இடத்தில் எந்தச் சொல் நிற்கின்றது என்று அறிவதே நமக்கு வேண்டுவது.

1994ஆம் ஆண்டின் சட்டம் கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கூறுவதையும் கேட்பதையும் குற்றமாக்கியிருக்கின்றது. பெண் என்றறிந்து அழிக்கும் கொடுமை மிகுந்ததால் அச்சட்டம் தேவைப்பட்டது. இங்கே அந்தமான் பழங்குடியினரை மீண்டும் நினைக்கிறோம். சட்டம் ஏதுமின்றியே, ஆண் பெண் என்னும் வேறுபாடு இல்லாத பெயரால் அவர்கள் பிறவாக் குழந்தையை அழைத்தனர். வருவது எதுவாயினும் வருக என்று காத்திருந்தனர். கல்வியறிவு மிக்க நாம் அவர்பால் கற்கவேண்டியது இதுவன்றோ?

அவர்தம் மொழிகளோ மறைந்துவருகின்றன. போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா 2010ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காலமானார். அவரோடு அம்மொழி பேசும் வாய் இல்லாமற் போயிற்று. பேராசிரியர் அன்விதா அப்பி போன்ற அறிஞர் தொகுத்த அகராதியிலும் ஒலிப்பதிவிலுமே பெரிய அந்தமானியரின் சொற்கள் பல இன்று தங்கியிருக்கின்றன. தாய் வயிற்றுப் பிள்ளையை அழைக்க ஒரு மொழியில் ஆள் இல்லாதபோதே அம்மொழி முடிந்துபோகின்றது.

தாயகத்தை விட்டு வந்து வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மருத்துவர் எழுதும் ஆங்கிலச் சொல்லை வெறுக்க வேண்டுவதில்லை, அஞ்சவும் வேண்டுவதில்லை. எம்பிரியோ, பீட்டஸ், அபார்ஷன் ஆகிய சொற்களின் பொருளை வீட்டிலுள்ள ஆணும் பெண்ணும் அறிந்திருத்தல் வேண்டும். சீட்டில் விளங்காத சொல் இருப்பின், மருத்துவரையோ செவிலியரையோ கேட்டறியத் தயங்குதல் கூடாது. கேட்பது நம் உரிமை. வீட்டினுள்ளே பேசும்போது நம் சொல்லையே பேசுவோம். முளைவிட்ட நாள் முதல் அதனைக் கரு என்போம். அசைவு கண்டால் பிள்ளை உதைக்கிறது என்போம். இழப்பு நேர்ந்தால் கரு கலைந்தது என்று அன்போடு கூறி, இழந்தவளைத் தேற்றுவோம். மாயாபந்தரில் இருந்து ஊருக்குப் பேசும் பெண் 'பிள்ளை நன்றாக இருக்கிறதாம்' என்று சொன்னாளே, அச்சொல்லில் பிழை ஒன்றும் இல்லை. மருத்துவர் சீட்டில் உள்ளதும் அதுவே. அவள் அதனைத் தன் தாய்க்கு விளங்கும் மொழியில் சொன்னாள், அவ்வளவே.